'வீல்சேர் வேணும்' என்று மட்டும் சொன்னால் போதாது... விமானம் ஏறும் முன் குடும்பமே தெரிந்துகொள்ள வேண்டியவை!

2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த ஏர் இந்தியா விமானத்திலிருந்து வயதான தம்பதி இறங்கினார்கள். கணவருக்கு வயது 80. இருவருக்குமே வீல்சேர் கேட்டிருந்தார்கள். கிடைத்ததோ ஒன்றுதான். மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனை நடக்கும் இடம் வரை வந்தவர், அங்கேயே சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் உயிர் பிழைக்கவில்லை.

இன்னொரு வீல்சேர் வரும்வரை காத்திருக்கச் சொன்னதாகவும், அவர்தான் மனைவியோடு நடந்து வர விரும்பியதாகவும் விமான நிறுவனம் விளக்கம் அளித்தது. அந்த ஒரே விமானத்தில் 32 பேர் வீல்சேர் கேட்டிருந்ததாகவும், தரையில் தயாராக இருந்தவை 15 மட்டுமே என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. அதே மாதக் கடைசியில், டி.ஜி.சி.ஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

நம் வீடுகளிலும் இப்படிப் பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் அம்மா, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் அப்பா, வேலைக்காக மாதம் இரண்டு முறை பறக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர் என எல்லோருக்கும் விமான நிலையத்தில் உதவி பெறும் உரிமை உண்டு. ஆனால், அந்த உரிமை கைக்கு வந்து சேருவது, டிக்கெட் போடும்போது என்ன கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதையும் பொறுத்திருக்கிறது.

ஒரே வீல்சேர்... மூன்று எழுத்துகள்!

'வீல்சேர் வேணும்' என்று சொன்னதும் விமான நிறுவனத்தின் கணினியில் ஒரு குறியீடு பதிவாகும். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பயன்படுத்துவது ஒரே குறியீடுகளைத்தான். எல்லாமே 'டபிள்யூ.சி.ஹெச்' என்று தொடங்கும். வித்தியாசம் கடைசி எழுத்தில்.

கடைசி எழுத்து 'ஆர்' என்றால், பயணி படி ஏறுவார், விமானத்துக்குள் இருக்கை வரை தானே நடப்பார். விமான நிலையத்தின் நீண்ட தூரத்துக்கு மட்டும் வீல்சேர் வேண்டும். மூட்டுவலி இருக்கும் பெரியவர்கள் பலருக்கு இது பொருந்தும்.

'எஸ்' என்றால், படி ஏற முடியாது. விமானத்துக்குள் சில அடிகள் நடக்க முடியும். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களும், அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் பெரும்பாலும் இந்த வகைக்குள் வருவார்கள்.

'சி' என்றால், நடக்கவே முடியாது. இருக்கை வரை சக்கர நாற்காலியில்தான் போக வேண்டும். அங்கேயும் ஆள் பிடித்து மாற்றி உட்கார வைக்க வேண்டும். முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் இந்த வகை.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். பயண முகவரிடம் வெறுமனே 'ஒரு வீல்சேர் போட்டுடுங்க' என்று சொன்னால், அவர் முதல் வகையைப் பதிவு செய்துவிடலாம். படி ஏறவே முடியாத அப்பா, ஏணிப்படி வைத்த விமானத்தின் முன்னால் போய் நின்ற பிறகுதான் அது தெரியவரும். அந்த நேரத்தில் தூக்கு வண்டிக்கும் கூடுதல் ஆட்களுக்கும் சொல்லி அனுப்பினால், விமானம் தாமதமாகும். அவசர அவசரமாக ஆளைத் தூக்கிக்கொண்டு படியேறும் நிலையும் வரலாம்.

அதனால், 'படி ஏறுவாரா, இருக்கை வரை நடப்பாரா?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தக் குறியீடு பதிவானது என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்க முடியும்... வழிதான் தெரியாது!

பேரனைப் பார்க்க முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் பாட்டிக்குக் கால்கள் நன்றாகத்தான் இருக்கும். தினமும் கோயிலைச் சுற்றி வருபவராகவும் இருக்கலாம். ஆனால் ஆங்கிலம் தெரியாது. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி, வீல்சேர் பதிவு செய்வது. யாராவது ஒருவர் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்ற நிம்மதி.

பிள்ளைகளின் பயம் நியாயமானது. ஆனால், பாட்டிக்குத் தேவைப்படுவது வழிகாட்ட ஓர் ஆள். இதற்கென்றே 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்ற தனிச் சேவை இருக்கிறது. 'மாஸ்' என்று பதிவு செய்வார்கள். சில நிறுவனங்கள் இதை இலவசமாகத் தருகின்றன, சில கட்டணம் வாங்குகின்றன. சில விமான நிலையங்களில் இந்தச் சேவை கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் வீல்சேரைத் தவிர அந்தப் பாட்டிக்கு வேறு வழியும் இல்லை.

இந்தச் சேவை பரவலாக, எளிதாகக் கிடைத்தாலே வீல்சேருக்கான வரிசை குறையும். மும்பையில் நடந்ததுபோல ஒரு தம்பதிக்கு ஒரு வீல்சேர் மட்டும் கிடைக்கும் நிலையைத் தவிர்க்கவும் உதவும். அதுவரை, டிக்கெட் போடும்போது 'மீட் அண்ட் அசிஸ்ட் உண்டா?' என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நம் பங்கு. கேட்ட எல்லோருக்கும் போதுமான வீல்சேர்களையும் ஆட்களையும் வைத்திருப்பது விமான நிறுவனத்தின் பங்கு. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள், நடமாடச் சிரமப்படுபவர்கள் ஆகியோரின் விமானப் பயணத்துக்காக டி.ஜி.சி.ஏ தனி விதிமுறைகளையே வைத்திருக்கிறது. 2008-ல் வந்த அந்த விதிமுறைகள் 2014-ல் விரிவாகத் திருத்தப்பட்டன. அந்த இடைவெளியில் நடந்த ஒரு சம்பவம் முக்கியமானது.

2012 பிப்ரவரி 19. பெருமூளை வாதத்துடன் வாழும் சமூகச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், ஒரு மாநாட்டில் கலந்துகொள்வதற்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்தார். விமானம் கிளம்பும் முன் ஊழியர்கள் வந்து அவரைக் கீழே இறங்கச் சொன்னார்கள். எந்த மருத்துவரிடமும் கருத்துக் கேட்காமலேயே அவர் இறக்கிவிடப்பட்டார். மாநாட்டுக்கு அவரால் போக முடியவில்லை.

ஜீஜா கோஷ் உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே 12 அன்று, அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பயணியின் கண்ணியத்தைப் பறிப்பது சாதாரண சேவைக் குறைபாடு அல்ல என்பதை அந்தத் தீர்ப்பு உணர்த்தியது.

அதன் பிறகும் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற இண்டிகோ ஊழியர்கள் மறுத்தார்கள். சிறுவன் பதற்றமாக இருந்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். பெற்றோரும் விமானம் ஏறவில்லை. டி.ஜி.சி.ஏ விசாரித்து 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பரிவோடு நடந்துகொண்டிருந்தால் அந்தச் சிறுவன் அமைதியாகியிருப்பான் என்றும் சுட்டிக்காட்டியது.

அந்த ஆண்டு ஜூலையில் விதிமுறை மீண்டும் திருத்தப்பட்டது. இப்போதைய நிலவரம் இதுதான்:

உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் விமானத்தில் ஏற்ற மறுக்கக் கூடாது.

பயணத்தின்போது ஒருவரது உடல்நிலை மோசமாகலாம் என்று ஊழியர்களுக்குத் தோன்றினால், மருத்துவர் ஒருவர் பயணியைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதன் அடிப்படையில்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியும் மறுத்தால், காரணத்தை உடனடியாக எழுத்தில் தர வேண்டும்.

விமானம் ஏற, இறங்க மட்டும் உதவி தேவைப்படுபவரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்டு வற்புறுத்தக் கூடாது.

புறப்படும் முனையத்திலிருந்து விமானம் வரையிலும், இறங்கிய பின் வெளிவாசல் வரையிலும் தரும் உதவிக்குத் தனியாகப் பணம் வாங்கக் கூடாது.

கடைசி வரியைப் பெரியவர்களுக்கு ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். வெளிவாசலில் நின்று தலையைச் சொறிபவருக்கு டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். அது கட்டணம் அல்ல.

அந்தக் கடைசி இருபது அடி!

விமான நிலையத்துக்குள் எல்லாமே வழவழப்பான தரைதான். சோதனை இருப்பது விமானத்துக்குள் நுழையும் அந்தக் கடைசி சில அடிகளில். ஏரோபிரிட்ஜ் இருந்தால் கவலையில்லை, சக்கர நாற்காலி நேராக விமான வாசல் வரை போய்விடும். விமானம் தொலைவில் நின்று, பேருந்தில் போய் ஏற வேண்டியிருந்தால் படிக்கட்டுதான்.

இதற்குத் தீர்வு 'ஆம்புலிஃப்ட்'. சக்கர நாற்காலியோடு பயணியை ஏற்றிக்கொண்டு, விமானக் கதவின் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் வண்டி இது. 'சுகம்ய பாரத்' திட்டத்தின் கீழ், ஏரோபிரிட்ஜ் வசதி இல்லாத 14 விமான நிலையங்களில் இந்திய விமான நிலைய ஆணையம் இந்த வண்டிகளைக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 6 வீல்சேர்களையும் 2 ஸ்ட்ரெச்சர்களையும் இதில் ஏற்றலாம். படிக்குப் பதிலாகச் சாய்தளம் வைத்துப் பயணிகளை ஏற்றும் முறையும் சில விமானங்களுக்கு உண்டு.

சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர் ரக விமானங்கள் இன்னொரு வகை. உயரம் குறைவு, பின்பக்கக் கதவோடு சேர்ந்த சின்னப் படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். படி ஏற முடியாதவர்கள், அந்த ஊரில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. புறப்படும் ஊர், இறங்கும் ஊர் இரண்டிலும் கேட்க வேண்டும்.

உள்ளே நுழைந்த பிறகு அடுத்த தடை நடைபாதையின் அகலம். நாம் வழக்கமாகப் பார்க்கும் சக்கர நாற்காலி அதில் நுழையாது. அதற்காகக் கைப்பிடிகள் இல்லாத, ஒடுக்கமான 'ஐல் சேர்' ஒன்று உண்டு. பயணியை அதில் மாற்றி, பெல்ட் போட்டு, இருக்கை வரை தள்ளிச் சென்று, மறுபடியும் தூக்கி இருக்கையில் உட்கார வைப்பார்கள்.

இங்கே ஒரு சின்ன ரகசியம். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று பலர் முதல் வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குவார்கள். அந்த வரிசையில் கைப்பிடிகள் பெரும்பாலும் அசையாதவை. சாப்பாட்டுத் தட்டே அதற்குள்தான் மடங்கியிருக்கும். உட்கார வைக்க, கைப்பிடிக்கு மேலே ஆளைத் தூக்கியாக வேண்டும். அதற்குப் பதிலாக, நடைபாதை ஓரக் கைப்பிடியை உயர்த்த முடிகிற வரிசையைக் கேளுங்கள். உயர்த்தவே முடியாததுபோலத் தெரியும் பல கைப்பிடிகளின் அடியில், பின்பக்க மூலையில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போகும். ஊழியர்களிடம் கேட்டால் திறந்து தருவார்கள்.

தூக்குவதற்கு முன், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடித்தால் வலிக்கும் என்பதைப் பயணியே சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் மகனிடம் 'இவரை எப்படித் தூக்கணும்?' என்று ஊழியர் கேட்டால், 'அவரையே கேளுங்க சார்' என்று சொல்லலாம்.

செயற்கைக் காலும் பாதுகாப்புச் சோதனையும்

நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறி, தன் கதையைச் சொல்லும் 'மயூரி' படத்தில் தானே நடித்தவர்.

2021 அக்டோபரில் அவர் இன்ஸ்டாகிராமில் வேதனையோடு ஒரு வீடியோ வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் வெடிபொருள் கண்டறியும் கருவியால் சோதிக்கும்படி கேட்டும், செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் அவரது குறை. வீடியோ பரவியதும், விமான நிலையங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் சி.ஐ.எஸ்.எஃப் வருத்தம் தெரிவித்தது. நாடறிந்த ஒருவருக்கு வருத்தம் கிடைத்தது. முகம் தெரியாத பயணிகள் எத்தனை பேர் சத்தமில்லாமல் கழற்றிக் காட்டிவிட்டு வந்திருப்பார்கள்!

செயற்கை உறுப்பு பொருத்தியவர்கள், வரிசையில் நிற்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. மறைவான அறையில், அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் சோதிக்கும்படி கேட்கலாம். கருவி மூலம் சோதிக்க முடியுமா என்றும் கேட்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

சொந்த வீல்சேரைக் கொண்டுபோனால்...

தினமும் சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு அது கால்களுக்குச் சமம். அவருடைய உடலின் அளவுக்கு ஏற்பச் செய்யப்பட்டிருக்கும். அதை செக்-இன் கவுன்ட்டரிலேயே பெட்டிகளோடு போட்டுவிட வேண்டிய கட்டாயம் இல்லை. விமான வாசல் வரை சொந்த நாற்காலியில் போகவும், இறங்கியதும் விமான வாசலிலேயே திரும்பத் தரும்படியும் கேட்கலாம். உதவிக் கருவிகளை 15 கிலோ வரை கூடுதல் சுமையாக இலவசமாக ஏற்றவும் டி.ஜி.சி.ஏ விதி இடம் தருகிறது.

பேட்டரி வைத்த நாற்காலி என்றால் கூடுதல் கவனம் தேவை. லித்தியம் பேட்டரியைக் கழற்றும் வகையாக இருந்தால், கழற்றிக் கையோடு கேபினுக்குள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட்-ஹவர், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-ஹவர் என்பது உச்ச வரம்பு. கணக்கு எளிது. பேட்டரி மீதுள்ள வோல்ட் எண்ணை ஆம்பியர்-ஹவர் எண்ணால் பெருக்க வேண்டும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240. பிரச்னை இல்லை. அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-ஹவர் என்றால் 480. அனுமதி கிடைக்காது. நாற்காலி வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்கினால் விமான நிலையத்தில் வாக்குவாதம் இல்லை.

சரக்கு அறையில் நாற்காலி சேதமடைந்தால்? சர்வதேசப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் பயணப் பொதிகளுக்கான இழப்பீட்டு வரம்பு இன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்குள்தான். நவீன மின்சார நாற்காலிகள் இதைவிடப் பல மடங்கு விலை. அதனால் ஒப்படைக்கும்போதே கூடுதல் மதிப்பை எழுத்தில் அறிவிக்கும் வசதி உடன்படிக்கையில் உண்டு. அதற்கு நிறுவனம் தனிக் கட்டணம் கேட்கலாம். நாற்காலியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

தண்ணீர் குடிக்காத பயணம்

இதை யாரும் வெளியே பேசுவதில்லை. நடக்க முடியாதவர்கள் பலர், பயணத்துக்குப் பல மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். காரணம், விமானக் கழிவறை. நம் ஊர்களுக்கு இடையே பறக்கும் சிறிய விமானங்களின் கழிவறைக்குள் ஐல் சேர் நுழையவே நுழையாது. ஊழியர்கள் கதவு வரை கொண்டுவிடுவார்கள். உள்ளே உதவுவது அவர்கள் வேலை அல்ல.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். முன்னால் ஏறி, கடைசியாக இறங்கும் வீல்சேர் பயணிக்கு அது நான்கு மணி நேரத்தைத் தாண்டும். தண்ணீர் இல்லாமல் இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கும், அசையாமல் உட்கார்ந்திருப்பது கால்களில் ரத்தக்கட்டுக்கும் இடம் கொடுக்கும். அமெரிக்காவில் 2023-ல் ஒரு விதி வந்தது. 125 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட புதிய ஒற்றை நடைபாதை விமானங்களில் வீல்சேர் பயணிகள் பயன்படுத்தும் அளவுக்குப் பெரிய கழிவறை இருக்க வேண்டும். ஆனால் அது நடைமுறைக்கு வர 2030-களின் நடுப்பகுதி ஆகிவிடும்.

அதுவரை, புறப்படும் முன் விமான நிலையத்தின் அகலமான கழிவறையைப் பயன்படுத்தும் அளவுக்கு நேரம் ஒதுக்குவதுதான் கையிலுள்ள வழி. டயப்பர், சிறுநீர் வடிகுழாய் போன்றவை பற்றிக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். 'அம்மா தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்க' என்று கோபப்படும் முன், ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்க்க...

1. டிக்கெட் எடுக்கும்போதே தேவையைச் சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. பயண முகவர் பதிவு செய்திருந்தாலும், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பயணம் செய்பவரின் போனிலும் வையுங்கள்.

3. தம்பதிக்கு இரண்டு வீல்சேர் என்றால் இரண்டு பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. இணைப்பு விமானங்களுக்கு இடையே கூடுதல் நேரம் விடுங்கள். கடைசியாக இறங்குபவருக்கு ஒரு மணி நேர இடைவெளி போதாது.

5. மருந்து, மருந்துச்சீட்டு, முதுகுத்தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கான மெத்தை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

6. அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, ஆக்ஸிஜன் தேவைப்பட்டாலோ, ஸ்ட்ரெச்சரில் பயணம் என்றாலோ மருத்துவப் படிவம் அவசியம். முன்கூட்டியே வாங்கி நிரப்புங்கள்.

7. வீல்சேர் வரவில்லை என்றால் நடக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம். உதவி வரும்வரை அவர்களை நடக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' இணையதளத்திலோ ஆப்பிலோ பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும் முறையிடலாம். நுகர்வோர் நீதிமன்றக் கதவும் திறந்தே இருக்கிறது. தேதி, விமான எண், ஊழியர் சொன்ன பதில் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும்.

ஐரோப்பிய நாடுகளில் 2008 முதலே இந்த உதவிக்கு முழுப் பொறுப்பு விமான நிலையத்தை நடத்தும் நிர்வாகத்துடையது. இங்கே விமான நிறுவனம், விமான நிலையம், தரைப்பணி செய்யும் ஒப்பந்த நிறுவனம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும்போது, நடுவில் நிற்பது நடக்க முடியாத பயணி.

மும்பையில் அந்தப் பெரியவர் நடந்ததற்கு என்ன காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 'நமக்காக ஏன் எல்லோரையும் காக்க வைக்கணும்' என்று எழுந்து நடந்துவிடும் பெரியவர்களை நம் எல்லோர் வீட்டிலும் பார்க்கலாம். அடுத்த முறை அவர்களை விமான நிலையத்தில் விட்டு வரும்போது, பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் சரிபார்ப்பதோடு இதையும் சொல்லி அனுப்புங்கள்: 'எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, வீல்சேர் வந்தப்புறம் எழுந்திருங்க!'